நாற்பத்தொன்றாவது வரி

ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். புள்ளியியல் மூன்றாமாண்டில் நான் ஒருத்திதான் பாக்கி. முன்பு கொடுத்த இரண்டு தலைப்புகளையும் உப்புச்சப்பில்லை என்று வழிகாட்டி திருப்பியிருந்தார். பழைய நானாக இருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். இப்போது கோபம்கூட வருவதில்லை.

மூன்றாவதாக, ‘புறநோயாளிகள் மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“தலைப்பு பரவாயில்ல. ஆனா ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா தவம் கிடக்கணுமே. தகவலை எப்பம்மா சேர்ப்பே?”

“சேத்துட்டேன் சார்.”

பழைய நோட்டை நீட்டினேன். அப்பாவைச் சிறுநீரகப் பிரிவுக்கு நானும் அண்ணனும் முறை வைத்துக் கூட்டிப்போனோம். யார் அதிக நேரம் உட்கார்ந்தது என்று வீட்டில் தினமும் குடுமிப்பிடிச் சண்டை. அதனால் டோக்கன் எண், வந்த நேரம், கூப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினோம். அண்ணனின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும்.

வழிகாட்டி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“அடேயப்பா, நாப்பத்தொரு நாளா! மத்தவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.” கடைசி வரியில் விரல் நின்றது. “இதுல கூப்பிட்ட நேரத்தைக் காணோமே. அன்னிக்குக் கூப்பிடலையா? அப்ப இதை அடிச்சிடு, நாப்பதே போதும்.”

“கூப்பிட்டாங்க சார், பதினொன்னு நாப்பதுக்கு. அப்பாதான் எந்திரிக்கல.”

அவர் விரலை எடுக்கவில்லை. அதை மெல்ல நகர்த்திவிட்டு, காலியாக இருந்த கட்டத்தில் 11.40 என்று எழுதினேன்.