வாசலில் நின்ற ஆறுதல்

கமண்டல நாகநதியின் மணற்பரப்பு வெயிலிற் காய்ந்து கண்ணைக் கூசவைக்க, மேற்கே சவ்வாது மலைத்தொடர் புகைபடிந்தாற்போல் மங்கித் தோன்ற, தெருத்தோறும் தறிகளின் ஓசை ஒன்றோடொன்று பின்னி ஓயாது எழுந்துகொண்டிருந்த பங்குனிக் கடைசியின் பிற்பகல் அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. களம்பூர்ச் சாலையில் நெல்மூட்டை ஏற்றிச் சென்ற சரக்குந்துகள் கிளப்பிய புழுதி ஆரணி நகர்மேல் மெல்லிய மஞ்சள் ஆடைபோற் படிந்து கிடக்க, அப்புழுதியினூடே குடைபிடித்து, திருமறை வைத்த துணிப்பை தோளில் தொங்க, விரைந்து நடந்துகொண்டிருந்தாள் ஜெயம் என்னும் பள்ளி ஆசிரியை.

அன்புடையீர், அவள் நடையில் அமைதி இல்லை; சினமே இருந்தது. அதன் காரணத்தையும் கேளுங்கள். ஆரணித் திருச்சபையின் ஆயர், சுற்றியுள்ள பதினான்கு சிற்றூர்களையும் பேருந்திலும் மிதிவண்டியிலும் சுற்றிவர வேண்டியவராதலின், நகரத்துச் சபையாருள் நோயுற்றோரையும் துயருற்றோரையும் சென்று காண்பதற்கென்று சபை மக்களிலிருந்தே அறுவரைத் தெரிந்தெடுத்து, ஆறுதற்குழு என்று பெயரும் இட்டிருந்தார். ஊதியம் இல்லை, பட்டம் இல்லை; பிறர் துயருக்குச் செவிகொடுக்கும் பொறுமை ஒன்றே அவர்கள் ஏந்திச்செல்ல வேண்டியது. அவ்வறுவருள் ஒருத்தியான ஜெயத்தின் பொறுப்பில் வந்தவள் செல்லியம்மாள்.

நெசவாளர் வீடுகளுக்குப் பட்டிழை சுற்றிக்கொடுத்துப் பிழைத்த கைம்பெண் அவள். தொழுநோய் கண்டு, தொலைவூர் மருத்துவமனையில் நான்காண்டு மருந்துண்டு, நோய் முற்றும் நீங்கியது, இனி எவரையும் தொற்றாது என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாளோடு திரும்பியிருந்தாள். இடக்கையின் மூன்று விரல்கள் மட்டும் வாடிய காம்புகள்போல் மடங்கி நின்றன. அம்மூன்று விரல்களைக் கண்ட ஊர், தாளைப் படிக்கவே இல்லை.

சபையார் அவளை வாயார வரவேற்றனர். ஆனால் எல்லாரும் அப்பம் உண்டு, ஒரே கிண்ணத்தில் திராட்சை இரசம் பருகும் திருவிருந்து நாள் வந்தபோது, மூப்பர் பன்னீர்செல்வம் அவளருகே குனிந்து, "இன்னைக்கு அப்பம் மட்டும் வாங்கிக்கம்மா" என்றார். அவள் அப்பத்தையும் வாங்காமல் எழுந்து போனாள். ஏழு மாதமாகியும் கோயிற்பக்கம் வரவில்லை.

அந்த ஏழு மாதமும் ஜெயம் வாரந்தோறும் அவளைச் சென்று கண்டாள். மூப்பரிடமும் பலமுறை வாதாடினாள். அன்றும் அவர் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தாள்.

"டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு ஐயா, அப்புறம் நமக்கு இன்னா பயம்?" என்று அவள் கேட்க, "பயம் எனக்கில்லம்மா. சனங்க முணுமுணுத்துகினு இருக்காங்க. நாலு குடும்பம் கோயிலுக்கு வராம நின்னுட்டா யாரு பதில் சொல்றது? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் அவர். கொஞ்சம் என்னும் அச்சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்பது ஐந்தாம் முறை. ஆயரைக் கேட்டாலோ, சபை ஒருமனப்படட்டும் என்பார். குழுவின் மற்றை ஐவரைக் கேட்டாலோ, "அந்தம்மாவுக்காக ஜெபம் பண்ணிகினுதான் இருக்கோம்" என்பர். தண்ணீரிற் சுவர் எழுப்ப முயல்வாள்போல் அவள் சோர்ந்திருந்தாள்.

செல்லியம்மாளின் வாசலில் நின்றபடியே அவ்வளவையும் கொட்டித் தீர்த்தாள். செல்லியம்மாள் கேட்டிருந்து, உள்ளே சென்று, ஒரு குவளை மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம் செல்லியக்கா, இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்."

குவளை நீட்டியபடியே நின்றது.

"மூப்பரக் கொற சொல்றீங்களே டீச்சரம்மா, நீங்க எத்தினி வாட்டி வந்திருப்பீங்க? ஒரு நாளாவது உள்ள வந்து குந்தியிருக்கீங்களா? ஒரு முழுங்கு தண்ணி குடிச்சிருக்கீங்களா? ஒரு நாளு வவுறு சரியில்லன்னீங்க. ஒரு நாளு சேத்துப்பட்டு பஸ்ஸு போயிடும்னீங்க. கொஞ்ச நேரம் கழிச்சி வெளிய வந்து பாக்கறேன், தெருமுனையில பூ வாங்கிகினு நிக்கிறீங்க."

ஜெயத்துக்கு முகம் வெந்தது. ஒவ்வொன்றும் உண்மை. உள்ளே சென்று, பாயில் அமர்ந்து, குவளையை வாங்கிப் பருகினாள். மருந்தைப்போல் ஒரே மூச்சில் விழுங்கினாள். அதைச் செல்லியம்மாள் கண்டாள். கண்டுகொண்டாள் என்பதை ஜெயமும் அறிந்தாள்.

"குடிச்சிட்டீங்க, சரி. இதுக்கே ஏழு மாசம் ஆச்சு."

"என்ன மன்னிச்சிடுக்கா" என்று ஜெயம் விம்மினாள்.

"அழாதீங்க. நீங்க அழுதா நான்தான் உங்கள தேத்தணும். அதுக்கு எனக்கு தெம்பு இல்ல."

ஆறுதல் சொல்லப் போனவள் ஆறுதல் பெறாமலே அங்கு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். எழும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "வர்ற ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வாங்கக்கா. நீங்க குடிச்சதும் அடுத்து நான் குடிக்கிறேன்."

அந்த ஞாயிறு கிறிஸ்துவின் உயிர்ப்புப் பெருநாள். அன்று இருவரும் முன்வரிசையில் ஒட்டி அமர்ந்தனர். திருவிருந்து மேசையில், வெள்ளிக் கிண்ணத்தின் அருகே, புதிதாய் வாங்கிய சிறு குவளை ஒன்று தனியே இருந்தது. வெள்ளிக் கிண்ணம் வரிசையில் வந்து இவ்விருவரையும் கடந்து செல்ல, ஆயர் அச்சிறு குவளையை ஏந்தி, கண்களைத் தாழ்த்தியபடி வந்து நின்றார்.

"இது யாருக்குங்க ஐயா?" என்றாள் செல்லியம்மாள். குரலில் சினமில்லை, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

ஆயர் குவளையை இன்னும் சற்று முன்நீட்டினார். அவள் கைகளை மடியிற் கோத்துக்கொண்டாள். ஜெயமும் பருகவில்லை. பின்வரிசைகளில் எவரும் எழவில்லை. ஆறுதற்குழுவின் ஐவரும் பாட்டு நூலையே பார்த்திருந்தனர்.

வெளியே வந்ததும், "இனிமே வரமாட்டீங்களாக்கா?" என்று ஜெயம் அஞ்சியபடி கேட்டாள்.

"ஏன் வரமாட்டேன்? வந்து கேட்டுகினே இருப்பேன்."

சொன்னபடியே மாதந்தோறும் வந்தாள். அந்த ஒரு கேள்வியையே கேட்டாள், பருகாமல் திரும்பினாள். ஜெயமும் உடன் திரும்பினாள். சபையில் ஜெயத்தோடு பேசுவார் குறைந்தனர். குழுவிலிருந்து அவள் பெயரும் ஓசையின்றி நீங்கியது. மறு ஆண்டின் உயிர்ப்புப் பெருநாளில் சிறு குவளை மேசைமேல் இல்லை. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எவரும் காரணம் சொல்லவில்லை. வெள்ளிக் கிண்ணத்தில் செல்லியம்மாள் பருகினாள். அடுத்து ஜெயம் பருகினாள். அவர்களுக்கு அப்பால் அமர்ந்திருந்தோர் பலர் உதடு நனையாமலே கிண்ணத்தைக் கடத்திவிட்டனர்.

நல்லோர் பலர் தீமை செய்வதில்லை, அன்புடையீர். செய்யத்தக்க நன்மையைச் சற்றே தள்ளிவைக்கின்றனர், அவ்வளவே. அத்தள்ளிவைப்பில் ஒருத்தியின் வாழ்நாளில் ஒன்றரை ஆண்டு கழிந்துபோயிற்று. அதைத் திருப்பித் தருவார் அச்சபையில் ஒருவரும் இலர்.