இரண்டு நுரையீரலும் சுத்தம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காகிதத்தைச் சமையலறை மேசையில் வைத்து நானே படித்தேன். முன்பெல்லாம் என் மனைவி வில்மாதான் படித்துச் சொல்வாள். செவ்வாயும் வியாழனும் நூலகத்துக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும்.

நுரையீரல்: இரண்டும் சுத்தம், சத்தம் எதுவும் இல்லை. இதயம்: சீர். அதற்குக் கீழே, இரண்டு பாதங்களும் பார்க்கப்பட்டன, பத்து விரல்களும் நல்ல நிலையில் உள்ளன என்று இருந்தது.

எனக்கு எட்டு விரல்தான். இடது காலில் இரண்டைத் தொண்ணூற்றெட்டில் குவாரியில் கல் ஓடும் கன்வேயர் பெல்ட் எடுத்துக்கொண்டது. அதுவும் போக, பரிசோதனைக்குப் போன அன்றைக்கு நான் பூட்ஸையே கழற்றவில்லை.

வில்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யோவ், உனக்கு விரல் முளைச்சிருச்சாம்யா! முடியும் முளைக்குமான்னு கேட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"சிரிக்காத. காலைப் பாக்காமலே பத்துன்னு எழுதுறவங்க, நெஞ்சைப் பாத்துட்டுத்தான் சுத்தம்னு எழுதினாங்கன்னு எப்படி நம்புறது?"

அவள் சிரிப்பு நின்றது. என் அண்ணன் ஓக்லியின் கடைசி மாதத்தில் தலையணை மாற்றிப்போட்டவள் அவள்தான். ஓக்லியும் நான் வேலை செய்யும் இதே குவாரியில், கல்லை அரைக்கும் இதே கிரஷரில்தான் இருந்தான். அவன் காகிதத்திலும் ஒவ்வொரு தடவையும் சுத்தம் என்றுதான் வந்தது. ஒரு வசந்தகாலத்தில் சர்ச் படி ஏற முடியவில்லை. இலையுதிர் காலத்தில் புதைத்தோம். புகையிலைதான் காரணம் என்று எழுதினார்கள். அவன் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை.

இப்போது நான் காரிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நிற்கிறேன்.

எங்கள் ஊர் டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு அவர் கிளினிக்கை நகரத்து ஆஸ்பத்திரிக் கம்பெனி ஒன்று வாங்கியது. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் கார் நிறுத்துமிடத்துக்கு எட்டு லோடு ஜல்லி எங்கள் குவாரியிலிருந்து இலவசமாகப் போனது. அதை அரைத்தவனே நான்தான். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் பேசிக்கொண்டதுதான்: கல்லைச் சும்மா கொடுக்கிறவன் எதையாவது வாங்காமல் விடுவானா?

கிளினிக்குக்குப் போன் செய்தேன். அடுத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான் என்றார்கள். மறுநாள் லீவு போட்டுவிட்டு நேரே போய் உட்கார்ந்தேன். வரவேற்பு மேசையில் ட்ரீனா இருந்தாள். வில்மாவின் அண்ணன் மகள்.

"டெல்மர் மாமா, நேரம் வாங்காம வந்தா நான் என்ன பண்றது? அப்படியே உள்ள விட்டாலும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு நோவுதான். போர்டு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். படிச்சேன். எனக்கும் ஒண்ணுதான்."

"என்னன்னு போடட்டும்?"

"பொய்னு போடு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு இருமல் என்று போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே விட்டார்கள். டாக்டர் ஹேன்லன் சின்ன வயசுக்காரி. ஒரு கையில் பாதி கடித்த சாண்ட்விச். நான் உட்காருவதற்கு முன்பே இன்னொரு கை தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டது. காகிதத்தை அவர் கைக்கும் தட்டச்சுப் பலகைக்கும் நடுவில் வைத்தேன்.

"இதை யாரு எழுதினது டாக்டரம்மா?"

"நான்தான்."

"என் காலைப் பாத்தீங்களா?"

படித்தார். சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

"பூட்ஸைக் கழட்டுங்க."

கழற்றினேன். காலுறையையும் உருவினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டது.

"இதுல ஒரு பட்டன் இருக்குங்க. அமுக்கினா எல்லாம் நல்லாருக்குன்னு தானா வந்து விழுந்துரும். மாறுதல் இருந்தா நாங்கதான் திருத்தணும். அன்னைக்கு இருபத்தேழு பேரு. ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம்கூட இல்ல. வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளையைத் தூங்க வெச்சிட்டு எழுதினேன்."

"குவாரிக்காரன் சொல்லி அமுக்கினீங்களா?"

"எந்தக் குவாரிக்காரன்? எனக்கு அவங்க யாரையும் தெரியாது."

"அவன் கல்லு மேலதான் உங்க காரு நிக்குது."

முகம் சிவந்துவிட்டால் உண்மை என்று ஆகிவிடாது. பொய் சொல்கிறவனுக்கும் முகம் சிவக்கும்.

"சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

முதுகில் குழாய் வைத்தார். சில்லென்று இருந்தது. மேலே, நடுவில், கீழே. வலது பக்கம் அடியில் வந்ததும் கை அங்கேயே நின்றது. இழுங்க, விடுங்க என்று ஏழெட்டுத் தடவை. ட்ரீனா கதவைத் தட்டினாள்.

"டாக்டர், வெளிய நாலு பேர் இருக்காங்க. மேனேஜர் வேற கேக்கறாரு."

"இருக்கட்டும்."

"அன்னைக்கு இந்த இடத்துல வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சேன். சட்டைக்கு மேல. ரெண்டு மூச்சு."

"இப்ப என்ன கேக்குது?"

குழாயைக் காதிலிருந்து எடுத்தார். "காஞ்ச சருகு மேல நடக்கிற மாதிரி கேக்குது. ரெண்டு பக்கமும். கிரஷர்ல எத்தனை வருஷம் இருக்கீங்க?"

"இருபத்தெட்டு."

நாற்காலிக்குப் போனார். பலகையில் கை வைத்தார், ஆனால் தட்டவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். கல்தூசுன்னு நான் எழுதினா, இது வேலையால வந்த நோவு ஆயிடும். உங்க இன்சூரன்ஸ் கையை விரிச்சுடும், குவாரியோட இன்சூரன்ஸுக்குப் போகும். அங்க தெரிஞ்சுரும். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கவே அவங்க இழுத்தடிப்பாங்க. வெறும் இருமல்னு போட்டா நாளைக்கே படம் எடுக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. எப்படி எழுதட்டும்?"

இதை ஏன் என்னிடம் கேட்கிறார்? நான் என்ன சொன்னாலும் நாளைக்கு அவனேதான் சொன்னான் என்று சொல்லிவிடலாமே. நல்லதுக்குக் கேட்கிறாரா, மாட்டிவிடக் கேட்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

அறுபத்திரண்டாக எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரை வேலை போகாமல் தாக்குப்பிடித்தால் ஓய்வூதியம். இருமல் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஓக்லியிடமும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களோ? அவன் நோவை வேறு யாரும் மறைக்கவில்லையோ? இதே மாதிரி வெறும் காலோடு உட்கார்ந்து, அவனே தன் வாயால் சொல்லியிருப்பானோ? அண்ணியும் பிள்ளைகளும் பார்த்த அந்தக் காகிதம் அவன் எழுதச் சொன்னதுதானோ?

"தூசுன்னே எழுதுங்க" என்றேன். "அந்தத் திரையை இந்தப் பக்கம் திருப்புங்க. நான் படிக்கணும்."

திருப்பினார். ஒவ்வொரு வரியாக அடித்தார். நான் விரல் வைத்துப் படித்தேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "சிலிக்கா" என்று அவர் சொன்னார். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். கதவை மறுபடி தட்டினார்கள். இந்தத் தடவை ஆம்பிளைக் குரல். டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சு இயந்திரம் ஒரு காகிதத்தைத் தள்ளியது. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இன்னொண்ணு குடுங்க டாக்டரம்மா."

"எதுக்கு?"

"ஒண்ணு காணாமப் போயிரும்."

அவர் வாதாடவில்லை. இன்னும் இரண்டு அடித்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றொன்றை நாலாக மடித்து, மேசையில் வைக்காமல் தன் சொந்தக் கைப்பையின் அடியில் செருகி ஜிப்பை இழுத்து மூடினார்.

அவருக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. சட்டையையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு, கதவைத் திறக்க எழுந்தேன்.