ஏழாவது பாட்டில் மழை பெய்யவில்லை

லிஃப்ட் பழுது பார்க்கும் அவனை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ராப் பாடும்போது அப்படி முழங்குவான். மருந்துக்கடையில் வேலை செய்யும் காதலி அவனை விட்டுப் போனதும், ஆல்பம் போடுகிறேன் என்று கிளம்பினான். அதில் ஏழாவது பாட்டு அவளைப் பற்றியது. கொட்டும் மழையில் அவனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போனாள் என்று பாட்டு சொன்னது.

யாரோ இதை அவள் காதில் போட்டுவிட்டார்கள். மருந்து வாசம் வீசும் வெள்ளைக் கோட்டோடு ஒலிப்பதிவு அறைக்கே வந்துவிட்டாள். சுவரெல்லாம் பழைய மெத்தை அறைந்த சின்ன அறை அது.

“அன்னைக்கு மழையே பெய்யல,” என்றாள்.

“பாட்டுக்கு மழை வேணும்.”

“என்னைப் பத்திப் பாடினா நடந்ததைப் பாடு. சுள்ளுன்னு வெயில். உன் கையில ஐஸ்கிரீம். அதை முழுசா முடிச்சிட்டுத்தான் ‘ஏன் போற’ன்னு கேட்ட.”

“உருகிடும்ல.”

“நான் போறேன். உனக்கு அது உருகுறது பெருசா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் மைக்கை அணைக்கவில்லை. மழையைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்தச் சண்டையையே தாளத்தில் உட்கார வைத்து வெளியிட்டார். பேருந்து, முடிதிருத்தும் கடை, பல் மருத்துவமனை என்று எங்கும் அதுதான் ஓடியது. மேடையிலும் சண்டை வேண்டும் என்றார்கள் ரசிகர்கள். தான் போகாவிட்டால் இவன் மறுபடி மழையைக் கொண்டுவந்துவிடுவான் என்ற பயத்தில் அவளும் போனாள்.

ஆனால் தினமும் பார்த்துப் பேசப் பேச, சண்டைச் சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு நாள் மேடையில் இடி தலையைச் சொறிந்தபடி, “தப்பு என் மேலதான்,” என்றான். கூட்டம் முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்த அவள் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே மேடையேறி மைக்கை வாங்கினாள்.

“அவன் மேல தப்பில்லப்பா. இவ போன்ல அழுதப்போ நான் சீரியல் பாத்துக்கிட்டிருந்தேன். இவ என்ன சொன்னான்னே கேக்கல. ‘அவனை விட்டுத் தள்ளு’ன்னுட்டேன்.”

மகள் திரும்பினாள். “கேக்காமயா சொன்ன?”

“முக்கியமான கட்டம்டி.”

“என் வாழ்க்கை முக்கியமில்லயாம்மா?”

“அதை விளம்பரம் வரும்போது சொல்லியிருக்கலாம்ல.”

ஒலிப்பதிவாளர் தாளத்தைத் தட்டிவிட்டார். கூட்டம் எழுந்து ஆடியது. அன்றிலிருந்து அம்மாவும் மகளும்தான் மேடையில் மோதுகிறார்கள். இடி நடுவில் நின்று “ஆமா, ஆமா” என்று மட்டும் முழங்குகிறான்.

அவனும் அவளும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். ஒலிப்பதிவாளருக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஆனால் சொன்னால் மேடைச் சண்டை நின்றுவிடும். கைதட்டல் பிடித்துப்போய்விட்டதால், அம்மா வாயைத் திறக்கவில்லை.