அன்று எதிரி வரவில்லை

1

இந்தக் கதை என்னிடம் கதையாக வரவில்லை. பிழை திருத்தித் தரச் சொல்லி, மனுவாக வந்தது. மாடி வீட்டில் இருக்கும் நர்ஸ், வேலை முடிந்து வந்த சீருடையோடு என் கதவைத் தட்டி, மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"அப்பாவோட மனு, சார். என்ன கேக்குறார்னே புரியலன்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க எழுதுறவர்தானே, கொஞ்சம் தெளிவா மாத்திக் குடுங்க."

கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு, "ரொம்பத் தெளிவா வேண்டாம்" என்றாள்.

மனுவில் புரியாதது எதுவும் இல்லை. படித்த அதிகாரிகளால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். ராணுவத்தை விட்டு வந்தவர்கள் தங்கள் டிஸ்சார்ஜ் சான்றிதழைத் திருத்தக் கேட்பது புதிதல்ல. விட்டுப்போன பதக்கத்தைச் சேர்க்கச் சொல்வார்கள், கெட்ட பெயரை நீக்கச் சொல்வார்கள். எல்லோரும் தங்களை மேலே ஏற்றச் சொல்லும் இடத்தில், இவர் தன்னைக் கீழே இறக்கச் சொல்லியிருந்தார்.

'எதிரியின் தாக்குதலில் வீரக் காயம் அடைந்தவர் என்று என் சான்றிதழில் உள்ளது. அது தவறு. அன்று எதிரி வரவில்லை. எனவே அதை நீக்கிவிட வேண்டுகிறேன்.'

இந்த நான்கு வரிகளுக்கு மேல் இதில் என்னதான் எழுத முடியும் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மலை முகட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது

[அடித்துவிட்டேன். பனி இருந்ததா என்று அவரிடமே கேட்டேன். "பனியா? வெயில் மண்டையைப் பிளந்துச்சு" என்றார்.]

இரண்டாவது தொடக்கம்: அவர் ஒரு நேர்மையான மனிதர்.

[இதையும் அடித்தாயிற்று. முதல் வரியிலேயே நன்னடத்தைச் சான்று கொடுக்க நான் என்ன தலைமையாசிரியரா?]

ஆகவே சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்குகிறேன். தெருவில் எல்லோரும் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, வலது காலைப் பக்கத்து நாற்காலியில் நீட்டிவைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கால் மடங்காது. எதிரே மகள். மனைவி இறந்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். மகளுக்கு ராணுவ மருத்துவமனையில் வேலை. நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் உட்காருபவள்.

"இன்னைக்கு ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பிட்டேன்ப்பா. மூச்சு வாங்குது, நிக்கவே முடியல அவரால. ஆனா டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்ல 'காவலை விட்டு ஓடியவர்'னு போட்டிருக்கு. அப்படி இருந்தா நாங்க சேர்க்கக் கூடாது. நல்ல உயரம். வாசல்ல குனிஞ்சுதான் உள்ளயே வந்தார்."

பட்டாளத்தார் நிமிர்ந்தார். "எந்த யூனிட்?"

"நீங்க இருந்த அதே யூனிட். தேதியும் நம்ம ஹால்ல மாட்டியிருக்கிற பத்திரத்துல இருக்கிற அதே தேதி. உங்களுக்கு அடிபட்ட அன்னைக்கு ஓடிப்போன ஆளா அவரு?"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். நெட்டை. முகாமில் கூட இருந்த அவனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றுதான் அப்போது அவரிடம் சொன்னார்கள். நம்பினார். நம்புவது வசதியாகவும் இருந்தது.

"அவன் ஓடல" என்றார். மகள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

3

நடந்தது இதுதான். கொஞ்சம் அலங்காரம் செய்யக் கை பரபரக்கிறது. அடக்கிக்கொண்டு, அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

மலை மேல் சிறிய முகாம். பட்டாளத்தார் அப்போது இளைஞர், வயர்லெஸ் பார்ப்பவர். நெட்டை காவல் நின்றவன். கேப்டன் புதிதாக வந்தவர். நடுப்பகலில் கேப்டன் நெட்டையைக் கூப்பிட்டு, தண்ணீர் தீர்ந்துவிட்டது, கீழே ஓடையில் பிடித்து வா என்றார்.

"காவலுக்கு ஆள் வேணுமே, சார்?"

"நான் பார்த்துக்கிறேன், நீ போ."

நெட்டை கேன்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். கேப்டன் காவலிடத்துக்குப் போகாமல் வயர்லெஸ் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தார். ஊர்க்கதை பேசிக்கொண்டே பிஸ்டலைத் துடைத்தார். உள்ளே குண்டு இருந்ததை அவர் கவனிக்கவில்லை. வெடித்தபோது, முழங்காலில் யாரோ கடப்பாரையால் இடித்தது போலத்தான் இருந்ததாம். கீழே விழுந்து கிடந்தவர் பார்த்தது கேப்டனின் முகத்தை. திருதிருவென்று விழித்த முகம். அடுத்த நொடி கேப்டன் வெளியே ஓடினார். ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே, தாக்குதல், தாக்குதல் என்று கத்தினார். மற்றவர்கள் எழுந்து வந்து புதரை நோக்கிச் சுட்டார்கள். புதர் திருப்பிச் சுடவில்லை.

சத்தம் கேட்டு நெட்டை கேன்களோடு மேலே ஓடிவந்தான். அவன் கொண்டுவந்த தண்ணீரால்தான் இவர் காயத்தைக் கழுவினார்கள். அதுவரை பட்டாளத்தாருக்கு நினைவு இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது காகிதத்தில். தாக்குதல் நடந்தது என்று எழுதிவிட்டால், எதிரி எந்த வழியாக வந்தான் என்றும் எழுதியாக வேண்டும். காவலிடத்தில் ஆள் இல்லை, அந்த வழியாக வந்தான். ஆள் ஏன் இல்லை? ஓடிவிட்டான். பொய்யில் விழுந்த ஓட்டையை அடைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் நல்ல உயரமாகவே கிடைத்தான்.

* கேப்டன் இப்போது உயிரோடு இல்லை. என் வரைவில் அவருக்கு முரட்டு மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்திருந்தேன். பட்டாளத்தார் கேட்டுவிட்டு, "மீசையெல்லாம் கிடையாது. நல்ல மனுஷன்தான், தம்பி. பயந்துட்டான்" என்றார். மீசையை எடுத்துவிட்டேன்.

4

இங்கே எனக்கு என் கதாநாயகன் மேலேயே சந்தேகம் வந்தது. கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவரிடம் வீரப் பத்திரம் வந்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை? நேராகவே கேட்டேன்.

"அப்ப வலி. அப்புறம் ஊருக்கு வந்தேன், எங்கப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டிட்டாரு. மாட்டினதைக் கழட்டணும்னா வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காரணம் சொல்லணுமே."

இது நல்ல காரணம் இல்லை. அவருக்கும் தெரியும். ஆனால் மனிதர்கள் இப்படிப்பட்ட காரணங்களை வைத்துக்கொண்டுதான் பல வருடங்களை ஓட்டுகிறார்கள். கதாபாத்திரங்களிடம் மட்டும் நாம் இதைவிடப் பெரிதாக எதிர்பார்ப்பது

[நிறுத்துகிறேன். கட்டுரை தலை தூக்குகிறது.]

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னது மறுநாள் காலையில். அவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, எனக்கு நர்சிங் சீட்டு கிடைச்சதே அந்தப் பத்திரத்துலதான். போர்க்காயம் பட்டவர் பிள்ளைன்னு. வேலையும் அதே கோட்டாவுலதான். அது பொய்னு நீங்களே எழுதிக் குடுத்தா என்னை என்ன பண்ணுவாங்க?"

"தெரியல."

"தெரிஞ்சுக்காமலேயா மனு போடப் போறீங்க?"

"தெரிஞ்சா போட மாட்டேன்மா. அதான் யார்கிட்டயும் கேக்கல."

அவள் கயிற்றைக் கட்டினாள். இறுக்கிக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பவும் கட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அன்றே அவர் மனுவைத் தபாலில் சேர்த்தார். 'அவர் தயங்கினார்' என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது கையை உயர்த்தி நிறுத்தினார். "தயங்கல, தம்பி. பயந்தேன். ரெண்டும் வேற வேற."

5

மனு திரும்பி வந்த அன்று அவர் நெட்டையைப் பார்க்கப் போனார். முகவரியை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் மகள்தான். கூடவும் வந்தாள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. செங்குத்தான படி. மடங்காத காலோடு அவர் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் ஏறினார். மேலே ரப்பர் வாசனை. சன்னலோரம் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் நெட்டை. படுத்தால் மூச்சு முட்டும்போல.

"யாரு?"

"நான்தான்டா. வயர்லெஸ்."

நெட்டை முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். "மடங்குதா?"

"இல்ல."

"ம்."

பட்டாளத்தார் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"உன்னை வேற கேம்ப்புக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்கடா."

"சொன்னாங்க, சரி. நீ விசாரிச்சியா?"

பட்டாளத்தார் தன் முழங்காலைத் தடவினார்.

"வாட்ச்மேன் வேலைக்குக்கூட எவனும் என்னை எடுக்கல" என்றார் நெட்டை, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "ஓடிப்போனவன்கிட்ட எவன் சாவியைக் குடுப்பான்? மூட்டை தூக்கினேன். உயரம் இருக்குல்ல, லாரிக்காரங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

[இங்கே அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், கண் கலங்குகிறது, மன்னிப்பு கிடைக்கிறது. முழுவதையும் நீக்கிவிட்டேன். நெட்டை மன்னிக்கவில்லை. திட்டவும் இல்லை.]

நெட்டை, கூட வந்த மகள் பக்கம் திரும்பினார். "நீதானே அன்னைக்கு என்னைத் திருப்பி அனுப்பின பொண்ணு?"

"ஆமா, ஐயா."

"உன்மேல தப்பில்ல. பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தானே நீ படிக்க முடியும்."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. படியிறங்கும்போது தந்தையிடம் மெதுவாக, "ரொம்ப நாள் தாங்க மாட்டார்ப்பா. உடனே சேர்க்கணும்" என்றாள். அன்று மாலைதான் மனுவோடு என் கதவைத் தட்டினாள்.

நான் தெளிவாகவே, நெட்டை ஓடவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள். அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

6

விசாரணைக்கு என்னையும் அழைத்துப்போனார்கள். நீளமான மேசை, பின்னால் மூன்று பேர். நடுவில் விசாரணைக் குழுவின் தலைவி. அவருக்கு இடப்பக்கம் ஒரு ராணுவ டாக்டர். பட்டாளத்தாரை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றுகொண்டே பேசினார், நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி.

"ஐயா, இது உங்களுக்கு எதிராத்தான் போகும்னு தெரியுமா?" என்றார் தலைவி.

"தெரியும், மேடம்."

"உங்க குடும்பத்துக்குக் கிடைச்ச சலுகையையும் நாங்க பார்க்க வேண்டி வரலாம்."

பின்வரிசையில் மகள் என் பக்கத்தில் இருந்தாள். அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தலை கொஞ்சம் அசைந்தது. ஆனால் திரும்பவில்லை.

"தெரியும்."

"கேப்டன் கையெழுத்துப் போட்ட அறிக்கை எங்ககிட்ட இருக்கு. அதை மறுக்க உங்க பேச்சைத் தவிர வேற என்ன இருக்கு?"

அவர் குனிந்து முழங்காலைத் தட்டினார். "இது இருக்கு. குண்டு இன்னும் உள்ளதான் கிடக்கு. எடுத்தா கால் போயிடும்னு அப்ப விட்டுட்டாங்க. அது பிஸ்டல் குண்டு, மேடம். அந்த வகை நம்ம ஆபீசர்ங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குண்டு இருக்கு. ஆனா எலும்புல மோதி நசுங்கிப்போயிருக்கு. படத்தை வச்சு எந்தத் துப்பாக்கின்னு சொல்ல முடியாது. கையில கிடைச்சா சோதிக்கலாம்."

"எடுக்கச் சொல்லி நாங்க சொல்லல" என்றார் தலைவி அவசரமாக.

"நானே எடுத்துக் கொண்டுவந்தா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "கொண்டுவந்து, அது நிரூபணமானா, அந்த இன்னொருத்தர் கோப்பையும் திறந்தே ஆகணும். அடுத்த அமர்வு வரைக்கும் மனுவை நிறுத்தி வைக்கிறோம். அதுக்குள்ள எதுவும் வரலேன்னா மூடிடுவோம்."

வெளியே வந்ததும் மகள் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க வயசுல அந்த ஆபரேஷன் என்னன்னு தெரியுமாப்பா?"

"நீ நர்சு. நீ சொல்லு."

அவள் சொல்லவில்லை. அறுவை மருத்துவர் சொன்னார். கால் போகலாம். இருதயம் தாங்காமலும் போகலாம். பட்டாளத்தார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்ப வந்து படுக்கணும்?" என்றார். அவர் கையெழுத்து மட்டும் போதாது, உறவினர் ஒருவரும் சம்மதம் தர வேண்டும் என்று படிவத்தைக் கொடுத்தனுப்பினார்கள்.

7

முடிவு அ: குண்டு வெளியே வருகிறது. பிஸ்டல் குண்டுதான். நெட்டை ராணுவ மருத்துவமனைக் கட்டிலில், பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஆக்சிஜன் குழாயோடு தூங்குகிறார். மகளின் வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. [நான் கேட்கவிடவில்லை. எழுதுகிறவனுக்கு இந்த அளவு சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?]

முடிவு ஆ: கால் போய்விடுகிறது. குண்டு அடையாளம் தெரியாத ஈயக் கட்டியாக வருகிறது. குழு வருத்தம் தெரிவிக்கிறது.

முடிவு இ: மயக்க மருந்து கொடுத்த பிறகு அவர்

[முடிக்கவில்லை. அவர் காலடிச் சத்தம் இப்போதும் என் கூரைக்கு மேலே கேட்கிறது. ஒன்று ஊன்றுகிறது, ஒன்று இழுபடுகிறது. நாளைக் காலை மருத்துவமனைக்குப் போகப் பையை அடுக்குகிறார்.]

மகள் கீழே வந்திருக்கிறாள். மூன்று முடிவுகளையும் நின்றுகொண்டே படித்தாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"மூணுலயும் நான் கையெழுத்துப் போட்டுட்டதா நீங்களே வச்சுக்கிட்டீங்க, சார்."

படித்துப் பார்த்தேன். உண்மைதான். மூன்று முடிவுகளுக்கும் முன்னால் அவள் கையெழுத்து இருந்தாக வேண்டும். அதை நான் எழுதவே இல்லை. அது நடந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் இன்னும் போடல" என்றாள்.

மடித்த படிவத்தை எடுத்து என் மேசையில், இந்தத் தாள்களின் மேலேயே விரித்தாள். "போடலேன்னா அந்தப் பெரியவர் ஓடினவராவே போய்ச் சேர்ந்துடுவார். போட்டா, எங்கப்பாவை நானே என் கையால" என்று நிறுத்திக்கொண்டாள். "வேலை போயிடுமேன்னு நான் போடாம இருக்கேன்னு அப்பா நினைச்சுட்டா? இல்ல, நிஜமாவே அதுக்காகத்தான் போடாம இருக்கேனா? எனக்கே தெரியல, சார்."

மேலே காலடிச் சத்தம் நின்றிருக்கிறது. பையை மூடிவிட்டார்போல.

"பேனா குடுங்க" என்கிறாள்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவைத்தான் கேட்கிறாள். கொடுக்கப் போகிறேன். இதற்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தில் முடிவை எழுத வேண்டியது அவள். அவள் எழுதாமல் திரும்பிப் போய்விட்டால், நீங்கள்.