சகாயத்தின் தோள்

…அப்படியேதான் சொன்னோமா, இல்லை கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொன்னோமா என்று துளசிராமனுக்கு இப்போது நிச்சயமில்லை, ஆனால் வகுப்பு மொத்தமும் சிரித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, கடைசி வருடத்துப் பிசியோதெரபி பிள்ளைகள், தொழில்முனைவுப் பாடம் என்றாலே மேசைக்கு அடியில் கைபேசியைத் தடவுகிறவர்கள், அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்கள், அதுதானே அவருக்கு வேண்டியிருந்தது... எலும்பும் தெரியாது, நரம்பும் தெரியாது, வணிகவியல் படித்துவிட்டுக் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலேறிப் போய்ப் பாடம் எடுக்கிற மனுஷன், தெரிந்ததைத்தானே சொல்ல முடியும், தெரிந்ததெல்லாம் அப்பாவின் ஜவுளிக்கடை. எல்லா மூட்டையையும் ஒரே நாளில் பிரித்துக் காட்டாதே, ஒன்றை மேலே எடுத்து வை, அடுத்த வாரம் புதுச் சரக்கு பிரிக்கிறோம் வாங்க என்று சொல்லி அனுப்பு, வந்தவள் திரும்பி வருவாள் என்பார் அப்பா. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இந்தப் பிள்ளைகள் முன்னால் வைத்தார். "வீட்ல செய்ற பயிற்சியெல்லாம் மொத நாளே சொல்லிக் குடுத்துட்டா, மறுநாள் உங்ககிட்ட எவன் வருவான்?" சேலைக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியாத புத்திசாலி! ஷில்பா என்ற பெண் மட்டும் எழுந்து நின்று, "சார், அவங்க திரும்ப வராம இருக்கணும்னுதானே நாங்க படிக்கிறோம்?" என்று கேட்டாள், கேட்டாளே... "அப்போ நீ ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போய்க்கோம்மா" என்றார் இவர், மறுபடி சிரிப்பு, அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு இன்றைக்குக் காதிலேயே நிற்கிறது.

நிற்காமல் என்ன செய்யும், உட்கார்ந்திருப்பது தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் ரூபேஷின் கிளினிக் பெஞ்சில், அதே வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த ரூபேஷ், கூடப் படித்தவர்களெல்லாம் பெங்களூரிலேயே தங்கிவிட, சொந்தத் தொழில் என்று சார் சொன்ன சொல்லை நம்பி ஊருக்குத் திரும்பி வந்தவன். திரைக்குப் பின்னால் ராஜம், தோள் இறுகிப்போய்ப் பின்னலைக்கூடத் தானே போட்டுக்கொள்ள முடியாத மனைவி. பக்கத்தில் சகாயம், சுரங்கம் மூடும்வரை ஷிஃப்டுக்குப் போன மனிதர், அவருக்கும் அதே தோள், அதே இறுக்கம். "மழைக்கு முன்னாலேர்ந்து வந்துகினு இருக்கிறேன் சார், கரண்டு வெக்கிறாரு, அப்போ சொகமா இருக்குது, ஊட்டுக்குப் போனா மறுபடி கட்டையாப் பூடுது" என்றார். பனியனை மருமகள்தான் மாட்டிவிடுகிறாளாம், அதைச் சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. வீட்டில் செய்ய ஏதாவது சொன்னாரா என்று கேட்டார் துளசிராமன், ஏன் கேட்டோம் என்று கேட்டவுடனே ஆகிவிட்டது. "ஒண்ணும் சொல்லலயே. மிஷினே பாத்துக்கும்னாரு." மழை வந்து, மழை போய், குளிரும் வந்துவிட்டது, இத்தனை நாளும் இந்த மனிதர் கையைத் தூக்க முடியாமல் நடந்திருக்கிறார், எதனால், யாரோ ஒரு வாத்தியார் கைதட்டு வாங்க ஆசைப்பட்டதனால்.

திரை விலகியது, ரூபேஷ் உள்ளே கூப்பிட்டான், குரலை இறக்கினான். "சார், மேடமுக்கு மட்டும் சொல்லிக் குடுத்துட்டேன். சுவரைப் பாத்து நின்னு, விரலால மெதுவா மேல ஏறணும், காலைல, சாயங்காலம். ஒழுங்கா செஞ்சா இங்க அடிக்கடி வரத் தேவையே இல்ல." மத்தவங்களுக்கு, என்று இழுத்தார். "சார்... நீங்க சொன்னதுதானே" என்று சிரித்தான், அந்தச் சிரிப்பில் குறும்போ குத்தலோ இருந்திருந்தால் தேவலை, வெறும் குருபக்தி, அதுதான் சுட்டது. சொல்லிவிடலாம், இப்போதே, நான் சொன்னது தப்புப்பா, எல்லாருக்கும் சொல்லிக்கொடு... வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ராஜம் சுவரில் விரலை ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள், முகத்தில் என்ன சந்தோஷம், இந்த நேரத்திலா, இவள் முன்னாலா, "நல்லா இருப்பா" என்று அவன் முதுகைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"அம்மாவுக்கு இன்னா சார் சொல்லிக் குடுத்தாரு? ரொம்ப நேரம் பேசினு இருந்தீங்களே?" பெஞ்சிலிருந்து சகாயம் நிமிர்ந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. அடுத்து எப்ப வரணும்னு கேட்டுனு இருந்தேன்" என்றார் துளசிராமன், எவ்வளவு சுலபமாக வந்தது, தயங்கக்கூட இல்லை, சகாயமும் தலையாட்டிக்கொண்டு உள்ளே போக எழுந்தார், வலிக்காத கையால் பெஞ்சை ஊன்றி. திரைக்குப் பக்கத்தில் நின்ற ரூபேஷ் மெல்ல, "தேங்க்ஸ் சார்" என்றான். எத்தனை வருடம் பாடம் எடுத்தாலும் இப்படி மனதார ஒருத்தன் நன்றி சொன்னதில்லை, அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது... தெருவுக்கு வந்ததும் ராஜம் கேட்டாள், "அவருக்கும் இதே தோள்தானே? சொல்லியிருக்கலாமேங்க." பையன் பொழைப்பு, என்றார். சொல்லும்போதே தெரிந்துவிட்டது அது இல்லையென்று, பெஞ்சு முன்னால் நின்றபோது ரூபேஷின் பிழைப்பு ஞாபகத்திலேயே இல்லை, சகாயத்துக்குத் தெரிந்தால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ரூபேஷைக் கேட்பார், அவன் கள்ளமில்லாமல் கையை நீட்டி இவரைக் காட்டுவான், அவ்வளவுதான் ஞாபகத்தில் இருந்தது, வருத்தப்பட்டதெல்லாம் நிஜம்தான், ஆனால் வருத்தம் ஒரு பக்கம் இருக்க, வாய் தன் பாட்டுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதே, அப்படியானால் இந்த வருத்தத்துக்கு என்ன பேர்?

"நான் வேணா போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று நின்றாள் ராஜம்.

"ஆட்டோ வருது பாரு" என்றார். வந்தது, உள்ளே ஆள் இருந்தது, நிற்காமல் போய்விட்டது, ராஜம் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.