மறுபடி முளைத்த அப்பெண்டிக்ஸ்

எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று என் மாமியார் கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதில் ஒரே ஒரு சிக்கல். என் அப்பெண்டிக்ஸை எட்டாம் வகுப்பிலேயே எடுத்துவிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். ஜன்னல் திரை தைக்கும் கடை. அவர் துணி வெட்டுவார், நான் மெஷினில் ஓரம் மடித்துத் தைப்பேன். வீட்டிலும் மாமியார், வேலையிலும் மாமியார். நியாயமாக எனக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும்.

நடந்தது இதுதான். எனக்குக் கரு தங்கியது. ஆனால் கருப்பையில் இல்லை, அதற்குப் போகிற இரண்டு குழாய்களில் ஒன்றிலேயே தங்கிவிட்டது. எனக்கே தெரிவதற்குள் குழாய் வெடித்தது. குளியலறையில் விழுந்து கிடந்த என்னை, கதவை உடைத்துத் தூக்கியவர் இதே மாமியார்தான். ஆபரேஷன் செய்து அந்தக் குழாயை எடுத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் கேட்டது ஒரே கேள்வி. "இன்னொரு குழாய் நல்லாயிருக்குல்ல?" என் வீட்டுக்காரரும் டாக்டரிடம் அதைத்தான் கேட்டார், மயக்கம் முழுசாகத் தெளியாத என் காதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப் பிழைத்தவள் நான், நலம் விசாரிப்பு குழாய்க்கா?

வேலைக்குத் திரும்பிய அன்று, கடை வாசலில் மாமியார் என் கையைப் பிடித்தார்.

"யார் கேட்டாலும் அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடும்மா. பிள்ளை தங்காதவள்னு ஒரு பேரு ஒட்டிக்கிச்சுன்னா ஆயுசுக்கும் போகாது."

"நான் என்ன தப்பு பண்ணேன் அத்தை?"

"தப்பு பண்ணவங்களுக்கு மட்டுமா பேரு வைக்கிறாங்க?"

நான் கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். உள்ளே என் நாற்காலியில் யாரோ தலையணை போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்து மெஷினில் வானொலி. வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர். என்னோடு பள்ளியில் படித்தவள், அன்றுதான் அவளும் லீவு முடிந்து வந்திருந்தாள்.

"என்னடி, அப்பெண்டிக்ஸாமே?" என்றாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். "ஏய், அதை எட்டாங்கிளாஸ்லயே எடுத்தாச்சேடி! கடைசி பெஞ்சுல உக்காந்து எனக்குத் தழும்பைக் காட்டினியே. மறுபடி முளைச்சுதா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாமியார் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அது... அப்ப கொஞ்சம் மிச்சம் விட்டுட்டாங்களாம்."

"மிச்சம் விட அது என்னக்கா, திரைத் துணியா?" என்றாள் வானொலி.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. வலியோடு கோபமும் வந்தது. என் வயிறு, என் ரத்தம். அதற்கு ஏன் இரவல் பெயர்?

"அப்பெண்டிக்ஸ் இல்லடி," என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. "கரு குழாயில தங்கி, குழாய் வெடிச்சிடுச்சு. அதை எடுத்துட்டாங்க. அழுதேன், இன்னமும் அழுவேன். ஆனா வெக்கப்பட மாட்டேன். யாராவது பாவம்னு சொன்னீங்க, இந்த மெஷினைத் தூக்கித் தலையில போட்டுருவேன்."

"நீ வெயிட்டு தூக்கக் கூடாதுல்ல?" என்றாள் வானொலி மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது.

நான் மாமியாரைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போனதும் இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது இஸ்திரி போடும் அக்கா, நல்ல மனசோடுதான், அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"போனது போகட்டும்மா. இன்னொரு குழாய் நல்லாயிருக்குல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியாரின் குரல் வந்தது.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கதவை உடைச்சுக்கிட்டுப் போனப்ப நான் குழாயையா தேடினேன்? இவளைத்தான் தேடினேன். இவ இருக்கா. அதைக் கேளுங்க முதல்ல."

அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. அவர் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு துணிப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் மெஷினை ஓட்டினேன். கண் மறைத்ததில் முதல் ஓரம் கோணலாகப் போனது. வழக்கமாக அதற்கு மாமியாரிடமிருந்து ஒரு பாட்டு விழும். அன்று விழவில்லை. நானும் அதைப் பிரிக்கவில்லை.