ஜன்னலைத் திறந்தது யார்?

மலைக்காடு பற்றி எரியத் தொடங்கிப் பத்தொன்பது நாளாயிற்று. எரிந்தது என்னவோ நூறு கிலோமீட்டர் தள்ளி. இருமியது இந்த ஊர்.

நர்ஸுக்கு ஆஸ்பத்திரியின் சுவாசப் பிரிவில் வேலை. புகை வந்ததிலிருந்து வார்டில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒரே பாட்டைத்தான் பாடினாள்: ஜன்னலைச் சாத்துங்க, மாஸ்க் போடுங்க, முடிஞ்சா காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் வாங்குங்க. அவள் வீட்டிலும் எல்லாம் அப்படியே நடந்தது. ஆனாலும் எட்டு வயது மகளுக்கு இழுப்பு விடவில்லை. மூச்சின் பலத்தை அளக்கும் குழாயில் மகள் தினமும் ஊதுவாள். இருநூற்று இருபதில் நின்ற முள் நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டது.

மெஷின் பகல் முழுக்க இரைந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் யாரோ ஜன்னலைத் திறக்கிறார்கள். வீட்டில் பகலில் இருக்கும் பெரிய ஆள் ஒருவர்தான்.

பள்ளிக்கூடம் மூடியதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார் நாத்தனார், கணவரின் அக்கா. வந்த இரண்டாம் நாளே, "இப்படி அடைச்சு வெச்சா எனக்கு மூச்சு முட்டுதும்மா" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை போதாதா? நர்ஸ் கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் கோடு போட்டாள். மகளிடம் நைசாக, "அத்தை இன்னிக்கு என்னடா பண்ணாங்க?" என்று வாயைக் கிளறினாள். "சீட்டு விளையாடினோம். அத்தை ஏமாத்துறாங்க" என்றது குழந்தை. விளையாட்டில் ஏமாற்றுகிறவர் ஜன்னலில் ஏமாற்ற மாட்டாரா என்று நினைத்தாள் நர்ஸ். சந்தேகம் பிடித்தவர்களின் கணக்கு இப்படித்தான் போகும்.

வியாழக்கிழமை சாயங்காலம் டேப்பின் ஒரு ஓரம் பிரிந்திருந்தது.

"அண்ணி, ஒரு நிமிஷம் காத்துக்குன்னு திறந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"நான் திறக்கலம்மா."

"அப்போ டேப் தானா பிரிஞ்சுதா?"

நாத்தனார் கையிலிருந்த சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார். "குழந்தை மூச்சோட விளையாடுற ஆளுன்னு நினைச்சுட்டே, இல்ல?" என்றார். மறுநாள் காலை பெட்டியோடு கிளம்பிவிட்டார். கணவர்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

நர்ஸ் லீவு போட்டு வீட்டிலேயே உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் ஈ எறும்புகூடப் போகவில்லை. ஆனாலும் மத்தியானச் சூட்டில் டேப்பின் இன்னொரு ஓரம் தானாகவே பிரிந்தது. சாயங்காலம் மகள் ஊதினாள். நூற்று ஐம்பது.

இனி சந்தேகப்பட வீட்டில் ஆள் இல்லை. நர்ஸ் மெஷினின் முன்னால் கையை வைத்துப் பார்த்தாள். இரைச்சல் இருந்த அளவுக்குக் காற்று இல்லை. பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே ஃபில்டர் புத்தம்புதிதாக, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. 'பயன்படுத்தும் முன் உறையை நீக்கவும்' என்று அதன்மேல் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர். மெஷினை வாங்கி, பெட்டியைப் பிரித்து, சுவிட்சைப் போட்டது அவள்தான். வார்டில் எத்தனை பேருக்கு வாய் கிழியப் பாடம் எடுத்திருப்பாள்! வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். இரண்டே நாளில் முள் நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது.

கணவர் குழாயை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "நீ சொன்னது சரிதான் போல. அக்கா போனதும் சரியாயிடுச்சே" என்றார்.

பேசாமல் தலையாட்டினால் விஷயம் அதோடு முடிந்துவிடும். உறையை யாரும் பார்க்கவில்லை. தலையாட்டிவிடத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் கூடப்பிறந்தவளைக் குற்றவாளியாக்கிவிட்டு அவர் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் எதிரிலேயே போனை எடுத்தாள்.

மறுமுனையில் முதலில் இருமல்தான் கேட்டது. பிறகு, "குட்டி எப்படி ஊதுறா?" என்றார் நாத்தனார்.

"நல்லா ஊதுறா, அண்ணி. தப்பு என்மேலதான். மெஷின்ல உறையைக்கூடப் பிரிக்காம ஓட்டியிருக்கேன். நீங்க ஜன்னலைத் திறக்கவே இல்ல."

"அது எனக்குத் தெரியுமே" என்றார் நாத்தனார்.